ரொட்டி, டர்ஃப், உப்பு: அயர்லாந்தைத் திணறடித்த பனிக்காலங்கள்

அயர்லாந்தில் பனிப்பொழிவு எச்சரிக்கை வந்தால் கடைகளில் முதலில் காலியாவது பிரெட் அலமாரிதான். 2018 பிப்ரவரி கடைசியில் சைபீரியப் பக்கமிருந்து கடுங்குளிர் காற்று கிளம்பிவிட்டது, தெற்கிலிருந்து எம்மா என்ற புயலும் வந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்ததும் ஊர் ஊராக பிரெட் தீர்ந்துபோனது. காலி அலமாரிகளைப் படம் எடுத்துப் போட்டு நாடே தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. ஆனால் கேலி செய்தவர்களும் ஆளுக்கு இரண்டு பாக்கெட் வாங்கித்தான் வைத்திருந்தார்கள். மார்ச் 1ஆம் தேதி வானிலைத் துறையான மெட் ஏரன் நாடு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. பிரதமர் லியோ வரத்கர், மாலை 4 மணிக்குள் எல்லோரும் வீடு போய்ச் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பள்ளி, பேருந்து, ரயில், விமானம் எல்லாம் நின்றன.

கனடாவிலோ ஃபின்லாந்திலோ இருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். கொஞ்சம் பனி விழுந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் அயர்லாந்தின் இருப்பிடத்தில் இருக்கிறது.

வரைபடத்தில் டப்ளின் ஏறக்குறைய 53 டிகிரி வடக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் கனடாவின் வின்னிபெக் நகரம் டப்ளினை விடத் தெற்கே உள்ளது. அப்படியிருந்தும் டப்ளினில் ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பநிலை 5 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்கே பரந்து கிடக்கும் அட்லாண்டிக் கடல்தான் காரணம். கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தை அது குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் கடல் நீரோட்டமும் கூடச் சேர்கிறது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் அந்த மிதமான ஈரக்காற்றே நாட்டின் மேல் படர்கிறது. அயர்லாந்தின் குளிர்காலம் என்றால் மழை, காற்று, இருட்டு, மறுபடி மழை.

எப்போதாவது இந்த ஏற்பாடு தலைகீழாகும். ஸ்காண்டினேவியாவின் மேல் உயரழுத்தக் காற்று மண்டலம் வந்து உட்கார்ந்துகொள்ள, காற்று கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். ஐரோப்பிய நிலப்பரப்பைத் தாண்டி வரும் அந்த உலர்ந்த குளிர்காற்று பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலிருக்கும் ஐரிஷ் கடலைக் கடக்கும்போது, தன்னை விட வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு கிழக்குக் கரையில் பனியாகக் கொட்டும். டப்ளின், விக்லோ, வெக்ஸ்ஃபோர்டு பகுதிகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதனால்தான். இந்தக் குளிர்காற்று நிலைகொண்டிருக்கும்போது தெற்கிலிருந்து ஈரம் நிறைந்த புயல் ஒன்று வந்து மோதினால் பெரும் பனிப்புயல் உருவாகும். 1947, 1982, 2018 என்று மக்கள் ஆண்டைச் சொல்லி நினைவு வைத்திருப்பவை எல்லாம் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

இதில் இன்னொரு தொல்லை உண்டு. அயர்லாந்தில் பனி பெரும்பாலும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே விழுகிறது. ஒரு டிகிரி ஏறினால் வெறும் மழை, ஒரு டிகிரி இறங்கினால் அரை அடிப் பனி. அதனால்தான் வானிலை அதிகாரிகள் பிடி கொடுக்காமலே பேசுவார்கள். விழுந்த பனியும் பகலில் பாதி உருகி, இரவில் மறுபடி உறைந்து, தார்ச்சாலை மேல் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டிப் படலமாகிவிடும். மைனஸ் 15 டிகிரியில் கிடக்கும் காய்ந்த பனியில் பூட்ஸ் போட்டு நடந்துவிடலாம். இந்த ஈரப் பனிக்கட்டியில் நடக்கிறவர்களின் கை, இடுப்பு எலும்புகளுக்குத்தான் ஆபத்து.

சரி, இத்தனை தெரிந்தும் முன்னேற்பாடு செய்துகொள்ளக் கூடாதா? பத்து வருடத்துக்கு ஒரு முறை நாலு நாள் வரும் பனிக்காக எல்லா ஊராட்சியும் பனி அள்ளும் வண்டி வாங்கி நிறுத்துவது, எல்லாக் காருக்கும் குளிர்கால டயர் மாட்டுவது என்றெல்லாம் போனால் செலவு கட்டுப்படியாகாது. குளிர்கால டயர் அங்கே கட்டாயமும் இல்லை. நாலு நாள் கடையை மூடிவிட்டு வீட்டில் இருப்பது மலிவு. என்னைக் கேட்டால் அது புத்திசாலித்தனமான கணக்குதான். அந்தக் கணக்கு எப்போது தவறுகிறது என்பதே சுவாரசியமான கேள்வி. ஒவ்வொரு பெரும்பனியும் அந்தந்தக் காலத்து அயர்லாந்து எதை நம்பிப் பிழைத்ததோ அதைப் பார்த்து அடித்திருக்கிறது.

முதல் அடி உருளைக்கிழங்கின் மேல் விழுந்தது. 1739ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தொடங்கிய உறைபனி வாரக்கணக்கில் விடவில்லை. டப்ளின் வழியே ஓடும் லிஃபி ஆறு உறைந்தது. தண்ணீரில் ஓடும் ஆலைச் சக்கரங்கள் நின்றதால் மாவு அரைக்க வழியில்லை. ஏழைகளின் உருளைக்கிழங்கு நிலத்திலும் ஆழமில்லாத குழிகளிலும்தான் இருந்தது. அது அப்படியே உறைந்து அழுகியது. உண்பதற்கும் இல்லை, அடுத்த விதைப்புக்கும் இல்லை. அதன் பின் வந்த வசந்தம் மழையில்லாமல் காய்ந்தது, கால்நடைகள் செத்தன, தானிய விலை ஏறியது, 1741 வரை காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போயின. சுமார் 24 லட்சம் பேர் இருந்த நாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேல் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு. நூறு ஆண்டு கழித்து வந்த பெரும் பஞ்சத்தை விட, மக்கள்தொகை விகிதத்தில் இது அதிகமாகக்கூட இருக்கலாம். ஐரிஷ் மொழியில் இதற்குப் ‘ப்லீன் ஆன் ஆர்’ என்று பெயர், அதாவது படுகொலை ஆண்டு. பஞ்சத்தில் வேலை கொடுப்பதற்காகப் பணக்காரக் குடும்பங்கள் எழுப்பிய சில கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. கில்டேரில் காஸ்டில்டவுன் மாளிகைக்குப் பின்னால் கேத்தரின் கொனலி கட்டுவித்த வளைவுக் கோபுரமும், டப்ளினுக்குத் தெற்கே கிலைனி குன்றின் உச்சியிலிருக்கும் கல் தூணும் அந்த வகை. கிலைனிக்குக் கடல் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்காவது அது உறைபனியின் கணக்கில் எழுந்தது என்று தெரிந்திருக்காது.

வானிலையை நினைவு வைத்திருப்பது அயர்லாந்தில் வெறும் பழங்கதைப் பழக்கமாக இருந்ததில்லை. ஒரு முறை அது பணமாகவே மாறியிருக்கிறது. 1839 ஜனவரி 5ஆம் தேதி கனத்த பனி பெய்தது. மறுநாள் விசித்திரமான ஒரு வெதுவெதுப்பு. அன்று இரவு வந்த சூறாவளி ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரையைப் பிய்த்தது. பெருங்காற்று இரவு என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டு கழித்து, 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் அமலுக்கு வந்தது. வாரம் 5 ஷில்லிங் வரை கிடைக்கும், வயது 70 ஆகியிருக்க வேண்டும். ஆனால் அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். அப்புறம் எதை வைத்து வயதைக் காட்டுவது? ‘பெருங்காற்று இரவு உனக்கு நினைவிருக்கிறதா’ என்ற கேள்வியே சான்றிதழானது. அன்றைக்கு என் கையால் உருளைக்கிழங்கு எடுத்துச் சாப்பிட்டேன் என்று ஒரே மாதிரி பதில்கள் குவிந்ததாகச் சொல்வார்கள். சரியாக எழுபது வயது ஆனவர் அந்த இரவில் தொட்டில் குழந்தை. அவருக்கு எதுவுமே நினைவிருக்க முடியாது என்பதை அதிகாரிகள் பெரிதாகக் கிளறவில்லை போலும்.

1930களின் இறுதியில் ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வரச் சொன்னது. கேட்க வேண்டிய தலைப்புகளில் கடும் வானிலையும் ஒன்று. எந்த ஆண்டு எந்த வேலி மூழ்கும் அளவுக்குப் பனி கிடந்தது, யாருடைய ஆடுகள் புதைந்தன என்பதெல்லாம் பிள்ளைகளின் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இளைஞர்களான பத்தே ஆண்டில் தாத்தாக்கள் சொன்ன எல்லாவற்றையும் சாதாரணமாக்கிய பனி வந்தது.

1947. அயர்லாந்தில் இன்றும் ‘பெரும்பனி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஜனவரிக் கடைசியில் தொடங்கிய குளிர் மார்ச் நடுப்பகுதி வரை அசையவில்லை. உச்சம் பிப்ரவரி 24, 25. காற்று பனியை வாரிக்கொண்டு போய் வீட்டுச் சுவர்களிலும் சாலைப் பள்ளங்களிலும் குவித்தது. பல இடங்களில் குவியல் 15 அடியைத் தாண்டியது. வேலிகள் எங்கே, சாலை எங்கே என்று தெரியாமல் மக்கள் அவற்றின் மேலேயே நடந்தார்கள். வீட்டு வாசல் மூடிப்போய் மாடி ஜன்னல் வழியாக வெளியே வந்த கதையை மேற்கிலும் நடுநாட்டிலும் எந்த ஊரிலும் கேட்கலாம்.

ஆனால் அந்த ஆண்டின் கொடுமைக்குப் பனி மட்டும் காரணமில்லை. கதை முந்தைய கோடையில் தொடங்குகிறது. போர்க்காலத்தில் பிரிட்டனிலிருந்து நிலக்கரி வரத்து சுருங்கியதால் நாடு டர்ஃபை நம்பியிருந்தது. சதுப்பு நிலத்தின் மட்கிய மண்ணைச் செங்கல் போல வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி எரிப்பதுதான் டர்ஃப். வெட்டி எடுக்கும்போது அதில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் வெட்டிப் பரப்பி, சில வாரம் கழித்து நான்கைந்தாகச் சாய்த்து நிறுத்தி, காய்ந்த பின் அம்பாரமாக அடுக்குவார்கள். கோடை காய்ந்தால்தான் குளிர்காலத்தில் அடுப்பு எரியும். 1946 கோடையோ விடாத மழை. வயலில் அழுகிக்கொண்டிருந்த கோதுமையைக் காப்பாற்ற டப்ளின் அலுவலக ஊழியர்கள் செப்டம்பரில் கிராமங்களுக்குப் போய் அறுவடைக்கு நின்றார்கள். அப்படியும் போதவில்லை, போர் நடந்த ஆண்டுகளில்கூட இல்லாத ரொட்டி ரேஷன் 1947 ஜனவரியில் வந்தது. டர்ஃபும் ஈரமாகவே அம்பாரம் ஏறியிருந்தது. டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் நடுச்சாலையின் இருபுறமும் வீட்டுயரத்துக்கு டர்ஃப் அடுக்கியிருந்தார்கள். அதை வாங்கிப் போய் அடுப்பில் வைத்தால் புகை வரும், சூடு வராது. கரி இல்லாமல் ரயில் சேவையும் முடங்கியது.

நகரத்து ஏழைகள் நாற்காலியையும் படிக்கட்டுக் கைப்பிடியையும் உடைத்து எரித்தார்கள். கிராமத்து நிலைமை வேறு. ஊரக மின்மயத்தின் முதல் கம்பம் 1946 நவம்பரில்தான் நடப்பட்டிருந்தது. டப்ளின் மாவட்டத்தின் வடக்கே ஓல்டுடவுன் என்ற சிற்றூரில் முதல் விளக்கு எரிந்தது 1947 ஜனவரியில், பெருங்குளிர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால். மற்ற ஊர்களில் மின்சாரமே கிடையாது, ஆகவே மின்வெட்டும் கிடையாது. பரணில் பன்றி இறைச்சி தொங்கியது, மாவு மூட்டை இருந்தது, பசு கொட்டிலில் நின்றது. கடைக்குப் போகாமல் இரண்டு வாரம் ஓட்ட முடிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மலையாடுகள்தான் ஆயிரக்கணக்கில் புதைந்து செத்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் 16 ஆண்டு ஆண்ட பிரதமர் டி வலேரா ஆட்சியை இழந்தார். ரேஷனும் விலைவாசியும் அந்தக் குளிரும் சேர்ந்து மக்களை எவ்வளவு சலிப்படைய வைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

1962 டிசம்பர் கடைசியில் வந்த பனிப்புயலும் அடுத்த இரண்டு மாதக் குளிரும் நீண்டவைதான். ஆனால் 1947ஐப் பார்த்த நாடு அதைத் தாங்கிக்கொண்டது. அந்தக் குளிரில் கற்ற பாடத்தால் 1963 நவம்பரில் விமானப்படைக்கு முதல் ஹெலிகாப்டர்கள் வந்து சேர்ந்தன.

1982 ஜனவரி 7, 8 தேதிகளின் பனி வேறு அயர்லாந்தின் மேல் விழுந்தது. இப்போது டப்ளின் சுற்றிலும் புறநகர்கள். வேலைக்குப் பேருந்தும் காரும், சாப்பாட்டுக்குக் கடை. சாலை நின்றதும் பால் நின்றது, பேக்கரி வண்டி நின்றது. நிலைமையைச் சமாளிக்கும் பொறுப்பு துணைப் பிரதமர் மைக்கேல் ஓலியரிக்கு வந்தது. ஊர் அவருக்குப் ‘பனி அமைச்சர்’ என்று பட்டம் கட்டியது. அதே மாதக் கடைசியில் அரசு கவிழ்ந்தது. அதற்குக் காரணம் பட்ஜெட், பனி அல்ல. பிரெட்டுக்கு முண்டியடிக்கும் பழக்கத்துக்கு வேர் இந்த ஆண்டில்தான் இருக்கிறது என்பது என் ஊகம். 2018இல் வண்டி நிறைய பிரெட் அள்ளியவர்களில் பலர் 1982இல் பள்ளிப் பிள்ளைகள்.

அப்புறம் 2010. அந்த ஒரே காலண்டர் ஆண்டில் இரண்டு கடுங்குளிர்கள். ஜனவரியில் சாலைக்குப் போடும் உப்பு தீர்ந்துபோகும் நிலை வந்தது. உப்பு தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்கும், அதனால் படலம் உருகும். மைனஸ் 7, 8 டிகிரிக்குக் கீழே போனால் அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். கையிருப்பு குறைந்ததும் முக்கியச் சாலைகளுக்கு மட்டும் தூவினார்கள். நடைபாதைகள் அப்படியே விடப்பட்டன. எலும்பு முறிவுடன் வந்தவர்களால் மருத்துவமனை அவசரப் பிரிவுகள் நிரம்பின. அப்போது போக்குவரத்து அமைச்சர் நோயல் டெம்ப்சி விடுமுறையில் மால்டாவில் இருந்தார். அயர்லாந்து அதை இன்னும் மறக்கவில்லை. கல்வி அமைச்சரோ பள்ளிகளைச் சில நாள் மூடச் சொல்லி, இரண்டு மூன்று நாளில் முடிவை மாற்றிக்கொண்டார். அரசுத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில், நடைபாதைப் பனிக்கட்டியில் ஒருவர் கால் வாரி விழும் காட்சி ஓடியது; அது இன்றுவரை அந்த நாட்டின் மிகப் பிரபலமான வீடியோக்களில் ஒன்று.

நவம்பர் கடைசியில் மறுபடி பனி. அதே வார இறுதியில் திவாலாகும் நிலையிலிருந்த நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் ஐஎம்எஃப்பும் 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டத்தை அறிவித்தன. வேலை போய், வீட்டுக் கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் வாசலிலும் பனி. கிறிஸ்துமஸ் அன்று மேற்கே மாயோ மாவட்டத்தின் ஸ்ட்ரேடில் மைனஸ் 17.5 டிகிரி பதிவானது. நாட்டின் எல்லாக் காலத்துக்குமான சாதனை 1881இல் ஸ்லைகோவின் மார்க்ரியில் பதிவான மைனஸ் 19.1 என்பதைப் பார்த்தால் அது எவ்வளவு கடுமை என்று புரியும்.

இந்த முறை அடி விழுந்தது தண்ணீரின் மேல். ஐரிஷ் வீடுகளில் குளிர்நீர்த் தொட்டி பெரும்பாலும் கூரைக்கு அடியில் பரணில் இருக்கும். பரணின் தரையில் வெப்பம் காக்கும் பஞ்சு விரித்திருப்பார்கள். அதனால் கீழே அறையின் சூடு மேலே ஏறாது, பரண் வெளிக்காற்றைப் போலவே குளிரும். அந்தக் குளிரில் தொட்டிக்குப் போகும் குழாய் உறைகிறது. உறையும் தண்ணீர் விரிந்து குழாயைப் பிளக்கிறது. பிளந்தது அப்போது தெரியாது. உருகத் தொடங்கும் நாளில் படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போதுதான் தெரியும். இதற்குப் பயந்து மக்கள் இரவு முழுவதும் குழாயைத் திறந்து ஓடவிட்டார்கள். தெருவுக்கடியில் வெடித்த பழைய குழாய்களும் சேர, டப்ளினின் நீர்த்தேக்கங்கள் இறங்கின. இரவில் தண்ணீரை நிறுத்த வேண்டியதாயிற்று. பனி சூழ்ந்த நகரத்தில் வாளி தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வினோதமான பயமும் நாடு முழுக்கப் பேசப்பட்டது. வீட்டு வாசல் நடைபாதையில் கிடக்கும் பனியை அள்ளி அகற்றினால், அங்கே யாராவது வழுக்கி விழுந்தால் நம் மேல் வழக்குப் போடுவார்கள், அள்ளாமல் விட்டால் பொறுப்பில்லை என்ற நம்பிக்கை. பலர் மண்வெட்டியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்கள். கவனமாக அள்ளினால் அப்படியொரு சிக்கல் வருவது அரிது, சுடுதண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அது உறைந்து இன்னும் மோசமாகும் என்று அரசு விளக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன் எச்சரிக்கைப் பிரசாரம், உப்புக் கையிருப்பை உயர்த்துவது, நெருக்கடி ஒருங்கிணைப்புக் குழு ஊடகங்களைத் தினமும் சந்திப்பது எல்லாம் பழக்கமாயின. 2018இல் ஆணைகள் தெளிவாக வந்ததற்கு 2010இன் அவமானம் ஒரு காரணம்.

2018இல் நகரத்துக்காரர்கள் பிரெட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, ராணுவ ஜீப்புகள் செவிலியர்களை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு ஓடின. அவர்களில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்களும் உண்டு. விவசாயிகளுக்கு அது கன்று ஈனும் பருவம். பால் லாரி வர முடியாததால் கறந்த பாலைக் கீழே ஊற்றினார்கள். கனம் தாங்காமல் கொட்டகைகளும் பசுமைக்குடில்களும் இடிந்தன. கிராமச் சாலைகளில் பனியை ஒதுக்கியது பெரும்பாலும் அவர்களின் டிராக்டர்கள்தான். பனி நாலு நாளில் போனது. ஆனால் புல் முளைப்பது தள்ளிப்போய், வசந்தத்தில் வெளிநாட்டிலிருந்து தீவனம் இறக்கும் நிலை வந்தது. அதே ஆண்டுக் கோடையில் வறட்சி வேறு.

அடுத்த பெரிய பனி வந்தது 2025 ஜனவரி முதல் வாரம். இந்த முறை கிழக்கு தப்பித்தது. லிமரிக், கெர்ரி, டிப்பரேரி, கார்க் பக்கம் கனமாக விழுந்தது. ஈரப் பனி மரக்கிளைகளை முறித்துக் கம்பிகள் மேல் தள்ள, பல்லாயிரம் வீடுகளில் மின்சாரம் போனது. மின்சாரம் போனால் கிராமத்தில் தண்ணீரும் போகும். கிணற்று மோட்டார் ஓடாது. வீட்டைச் சூடாக்குவதும் இப்போது மின்சாரத்தை நம்பித்தான். புது வீடுகள் மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்புடன் கட்டப்படுகின்றன, பலவற்றில் புகைபோக்கியே இல்லை. 2022 அக்டோபரிலிருந்து டர்ஃபைக் கடையில் விற்கவும் தடை. சதுப்பு நிலத்தில் வெட்டும் உரிமை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு எரித்துக்கொள்ளலாம். காலநிலைக்கும் காற்றுக்கும் இது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜனவரியில் பழைய வீட்டில் அடுப்பு மூட்டி உட்கார்ந்த பாட்டிக்கு இருந்த நிம்மதி, பக்கத்தில் புது வீடு கட்டிய பேரனுக்கு இல்லை. மூன்று வாரம் கழித்து எயோவின் புயல் வந்து 7,68,000 இணைப்புகளில் மின்சாரத்தை அறுத்தது, சில இடங்களில் இரண்டு வாரத்துக்கும் மேல். அதன் பிறகு மேற்கு மாவட்டங்களில் ஜெனரேட்டர் வாங்கினார்கள்; புது வீட்டில் புகைபோக்கி வைப்பதா வேண்டாமா என்ற விவாதமும் தொடங்கிவிட்டது.